சாவை ஒத்திப்போடும் சமிக்ஞை: வெண்குருதிக் கலத்தின் ஆயுள் நீளும் வழியைப் படிப்படியாகப் பின்தொடர்வது எப்படி

போன ஐப்பசி மழைக்குள், ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து உயர்தர வகுப்புக்கு வரும் ஒரு பிள்ளை, மற்றவர்கள் பஸ்ஸுக்கு ஓடிய பிறகும் மேசையடியில் நின்றுகொண்டிருந்தாள். கையில் நாலாக மடித்த காகிதம். அவளுடைய அம்மாவின் இரத்த றிப்போர்ட். கவ்வாத்து வெட்டிய மலையில் விறகுக்கு மிலாறு பொறுக்கப் போன இடத்தில் ஒரு குச்சி பாதத்தில் ஏறி, மூன்றாம் நாள் சீழ் வைத்திருக்கிறது. வெண்குருதிக் கலங்கள் 16,400. அதில் 84 சதவீதம் நியூட்ரோபில், கிருமியை விழுங்கும் வகை.

"சேர், நியூட்ரோபிலுக்கு ஆயுசு கொஞ்ச மணித்தியாலம்தான்னு நீங்கதானே எழுதிப் போட்டீங்க? மூணு நாளா இவ்ளோ பேரு எப்பிடி உசுரோட நிக்கிறாங்க?"

கேள்வி சரியான இடத்தில் விழுந்தது. பதிலில் பாதி அவளுக்குத் தெரியும்: என்பு மச்சை நிறைய உண்டாக்கி அனுப்புகிறது. றிப்போர்ட்டில் எண் ஏறியதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம். மற்றப் பாதி பாடப்புத்தகத்தில் இல்லை. காயத்துக்குள் போன நியூட்ரோபில், தன் மேற்பரப்பில் உள்ள வாங்கிகள் (வெளிச் சேதியைப் பிடிக்கும் புரதங்கள்) வழியாக "இன்னும் போகாதே" என்ற உத்தரவைப் பெறுகிறது, சாவை ஒத்திப்போடுகிறது. அந்த உத்தரவு எந்த வழியாக உள்ளே போகிறது, எந்த இடத்தில் வேலை செய்கிறது என்பதை ஒரு தாளில் வரைந்து பின்தொடர்வதற்கான வழிகாட்டி இது. உயர்தர மாணவருக்கும், ஆய்வுகூடத் தொழினுட்பவியலோ தாதியமோ படிப்பவருக்கும் போதும். ஒரு பென்சில், ஒரு தாள். தாளில் பெரிய வட்டம் ஒன்று போடுங்கள்; அதுதான் கலம். உள்ளே நடுவில் கரு, ஓரத்தில் ஓர் இழைமணி (மைற்றோகொண்ட்ரியா).

பாடப்புத்தகத்தில் நடுநிலைநாடி, றிப்போர்ட்டில் நியூட்ரோபில். ஆள் ஒன்றுதான். கீழே றிப்போர்ட்டுப் பெயரையே வைத்துக்கொள்கிறேன்.

படி 1: கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்

நாம் எல்லோரும் செய்யும் தவறு, கலம் சும்மா இருந்தால் உயிரோடு இருக்கும், ஏதாவது தாக்கினால்தான் சாகும் என்று நினைப்பது. நியூட்ரோபிலில் அது தலைகீழ். சும்மா விட்டால் சாகும். உயிரோடு இருக்கத்தான் யாராவது சொல்ல வேண்டும்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதைப் பிரட்டுக்களத்தை, அதாவது காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடத்தை, வைத்துச் சொல்வேன். காலையில் பிரட்டுக்குப் போய் நின்றால்தான் வேலை. வேலை செய்து பேர் விழுந்தால்தான் சம்பளம். நேற்று விழுந்த பேர் இன்றைக்கு உதவாது. நியூட்ரோபிலுக்குச் சில மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பேர் விழ வேண்டும்.

ஒரு வளர்ந்த மனிதரின் என்பு மச்சை ஒரு நாளைக்குச் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோபில்களை உண்டாக்குகிறது. அத்தனையும் வந்தால் அத்தனையும் போயாக வேண்டும். குருதியில் அவற்றின் அரைவாழ்வு 6 முதல் 8 மணித்தியாலம் என்பது பழைய கணக்கு. இந்த எண்ணைக் கவனமாகப் படியுங்கள். பாதி குருதியை விட்டு வெளியேற எடுக்கும் நேரம் அது. இழையங்களுக்குள் போனவை அதற்குப் பிறகும் இருக்கும். 2010இல் வந்த ஓர் ஆய்வு, கன ஐதரசன் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து அளந்து, குருதியிலேயே 5.4 நாள் இருக்கின்றன என்றது. அந்த எண்மீது வாதம் இன்னும் அடங்கவில்லை. பரீட்சையில் பழைய கணக்கை எழுதுங்கள், மனதில் இரண்டையும் வையுங்கள்.

உடம்புக்கு வெளியே சங்கதி தெளிவாகத் தெரியும். நியூட்ரோபில்களைப் பிரித்தெடுத்துச் சத்தும் சூடும் கொடுத்து வைத்தாலும், ஒரு நாளுக்குள் பாதிக்குக் கிட்டத்தட்டவோ அதற்கு மேலோ செத்திருக்கும். பேராதனையில் படித்த காலத்தில் அந்தக் கண்ணாடித் தகட்டை நான் பார்த்திருக்கிறேன். லீஷ்மன் சாயம் போட்டது. காலையில் எடுத்த கலத்தின் கரு மூன்று நான்கு ஊதாத் துண்டுகளாக, நூலால் கோத்த மாதிரி இருந்தது. மறுநாள் எடுத்த தகட்டில் அந்தத் துண்டுகள் எல்லாம் ஒன்றாகச் சுருண்டு, மிளகு மாதிரி ஒரே கரும்புள்ளி. கலம் உடையவில்லை, மென்சவ்வும் கிழியவில்லை. உள்ளே மட்டும் விளக்கை அணைத்துவிட்டார்கள்.

இந்த அமைதியான சாவுக்கு 1972இல் கெர், வில்லி, கரி என்ற மூவர் அப்பொப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். இலை உதிர்வதைச் சொல்லும் கிரேக்கச் சொல். நாம் திட்டமிட்ட கலச்சாவு என்போம். அமைதியாகச் சாவது ஏன் முக்கியம் என்றால், நியூட்ரோபிலின் வயிறு முழுக்க நஞ்சு. எலாஸ்டேஸ் என்ற நொதியம் நம் இழையத்தையே அரிக்கும். மைலோபெரொக்சிடேஸ் என்ற இன்னொன்று பச்சை நிறம். கெட்டிச் சளியும் சீழும் பச்சை படிவது அதனால்தான். கலம் வெடித்துச் செத்தால் அத்தனையும் வெளியே கொட்டும். ஆக, ஆயுளை நீட்டுவது ஆபத்தான சலுகை. தேவைப்பட்ட இடத்தில், தேவைப்பட்ட நேரத்துக்கு மட்டும் கொடுக்க வேண்டியது.

படி 2: சாவு இயந்திரத்தை முதலில் வரையுங்கள்

வாங்கியிலிருந்து தொடங்காதீர்கள். போய்ச் சேரும் இடம் தெரியாமல் பாதையைப் படித்தால் வெறும் பெயர்ப் பட்டியல்தான் மிஞ்சும். முடிவிடம் இழைமணி.

இழைமணியின் வெளிமென்சவ்வில் ஓட்டை போடக்கூடிய இரண்டு புரதங்கள்: பேக்ஸ், பேக். ஓட்டை விழுந்தால் உள்ளே இருந்த சைட்டோகுரோம் சி வெளியே கசியும். இழைமணிக்குள் இருக்கும்வரை அது சுவாசத்துக்கு வேலை செய்யும் நல்ல பிள்ளை. குழியவுருவுக்குள் வந்துவிட்டால் அப்பாஃப்-1 என்ற புரதத்தோடு சேர்ந்து ஒரு சக்கரத்தைக் கட்டுகிறது. அந்தச் சக்கரத்தில் காஸ்பேஸ்-9 என்ற வெட்டும் நொதியம் விழித்துக்கொள்ளும். அது காஸ்பேஸ்-3ஐ வெட்டி எழுப்பும். காஸ்பேஸ்-3 கலத்தின் நூற்றுக்கணக்கான புரதங்களை நறுக்கும். அந்தக் கட்டம் வந்தபின் திரும்பி வருவது அரிது.

எனவே ஒட்டுமொத்தக் கதையும் ஓட்டை விழுகிறதா இல்லையா என்பதில் நிற்கிறது. விழாமல் பிடித்து வைத்திருப்பவை பிசிஎல்-2 குடும்பத்தின் காவல் புரதங்கள். அந்தக் குடும்பத்துக்கு வரலாற்றில் ஓர் இடம் உண்டு. பிசிஎல்-2 முதலில் நிணநீர்க்கலப் புற்றுநோயில் கண்டுபிடிக்கப்பட்டது. புற்றுநோய் ஜீன் என்றால் கலத்தைப் பெருகவைக்கும் என்றுதான் அப்போது எல்லோரும் நினைத்தார்கள். 1988இல் மெல்பேர்ணில் டேவிட் வோக்ஸ், சூசன் கோரி, ஜெரி அடம்ஸ் மூவரும் வேறொன்றைக் காட்டினார்கள்: பிசிஎல்-2 கலத்தைப் பெருக்கவில்லை, சாகவிடாமல் வைத்திருக்கிறது. வளர்ச்சிக் காரணியை எடுத்துவிட்ட பிறகும் அந்தக் கலங்கள் பெருகாமல், சாகாமல் உட்கார்ந்திருந்தன.

நியூட்ரோபிலிடம் பிசிஎல்-2 ஏறக்குறைய இல்லை. அதன் காவல் முக்கியமாக எம்சிஎல்-1, துணைக்கு ஏ1. எம்சிஎல்-1இன் குணத்தைப் புரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். அது நிலைக்காத புரதம். கலம் அதை உண்டாக்கிக்கொண்டே இருக்கும், உடைத்துக்கொண்டே இருக்கும்; சில மணித்தியாலத்துக்குள் பாதி காணாமல் போகும்.

லயத்துப் பீலியடியில் அடியில் ஓட்டை விழுந்த வாளியை வைத்துப் பாருங்கள். பீலியில் தண்ணீர் வரும்வரை வாளியில் மட்டம் நிற்கும். தண்ணீர் நின்றால் கொஞ்ச நேரத்தில் வாளி காலி. வாளி மட்டம்தான் எம்சிஎல்-1. மட்டத்தை உயர்த்த இரண்டே வழி: பீலியில் தண்ணீரைக் கூட்டுவது, ஓட்டையை விரலால் அடைப்பது. கீழே வரப்போகும் எல்லாச் சமிக்ஞைப் பாதையையும் இந்த இரண்டில் ஒன்றில் கொண்டுபோய் நிறுத்துங்கள். நிறுத்த முடியாவிட்டால் பாதை இன்னும் புரியவில்லை என்று அர்த்தம்.

ஓட்டை போடச் சொல்லித் தூண்டும் கையாட்களும் உண்டு: பிம், பேட் முதலியவை. தாளில் இழைமணிக்கு ஒரு பக்கம் எம்சிஎல்-1, மறுபக்கம் பிம், பேட். நடுவில் பேக்ஸும் பேக்கும். போதும்.

படி 3: மேற்பரப்பில் யார் யார் கேட்கிறார்கள்

பெரிய வட்டத்தின் விளிம்பில் மூன்று வகை வாங்கிகளைக் குறியுங்கள்.

முதல் வகை, கிருமியின் உடம்பையே நேராகத் தொட்டு அறிபவை. டோல் போன்ற வாங்கிகள் (சுருக்கமாக டிஎல்ஆர்) என்ற கூட்டம். டிஎல்ஆர்4, ஈ.கோலை போன்ற பற்றீரியாவின் வெளிச்சுவரில் உள்ள லிப்பொபொலிசக்கரைட்டை அறியும். டிஎல்ஆர்2, பற்றீரியாவின் லிப்போபுரதங்களை அறியும். ஈயில் டோல் என்ற புரதம் செய்யும் வேலையை ஜூல்ஸ் ஹொஃப்மன் குழு 1996இல் காட்டியது. எலியில் லிப்பொபொலிசக்கரைட்டின் வாங்கி டிஎல்ஆர்4தான் என்பதை புரூஸ் பொய்ட்லர் குழு 1998இல் பிடித்தது. இருவரும் 2011 நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இரண்டாம் வகை, மற்றக் கலங்கள் அனுப்பும் சேதிப் புரதங்களான சைட்டோகைன்களைக் கேட்பவை. நியூட்ரோபிலின் ஆயுளுக்கு இதில் பெரிய கை ஜிஎம்-சிஎஸ்எஃப், அடுத்து ஜி-சிஎஸ்எஃப். மூன்றாம் வகை, பிறபொருளெதிரியின் (அன்டிபொடி) வாலையும், கிருமிமேல் படியும் நிரப்புப் புரதங்களையும் பிடிப்பவை. மூன்றாவது வகை ஒரு நாள் நல்லவன், ஒரு நாள் கெட்டவன். படி 7இல் வருகிறது.

பாதத்தில் குச்சி ஏறிய காயம் என்றால் பெரும்பாலும் தோலில் குடியிருக்கும் ஸ்டஃபிலோகொக்கஸ் வகைதான் உள்ளே போகும். அதற்கு லிப்பொபொலிசக்கரைட் சுவரே கிடையாது. ஆக அந்த அம்மாவின் காயத்தில் முன்னுக்கு நின்றிருக்கக்கூடியது டிஎல்ஆர்2. இதில் நம் ஊருக்கு இன்னொரு சுவையான விஷயம்: எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைராவிடம் லிப்பொபொலிசக்கரைட் இருக்கிறது; ஆனாலும் அதன் வடிவம் வேறாக இருப்பதால் மனித டிஎல்ஆர்4க்கு அது சரியாகப் பிடிபடுவதில்லை, டிஎல்ஆர்2தான் பிடிக்கிறது. வயலிலும் கானிலும் காலை வைக்கிறவர்களுக்கு அந்த நோய் ஏன் சில நேரம் இத்தனை தந்திரமாக இருக்கிறது என்பதற்கு இது ஒரு சிறு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம், பரீட்சையில் எழுதாதீர்கள்.

படி 4: டோல் பாதை

வாங்கியின் வெளிப்பக்கம் கிருமியைத் தொட்டதும் இரண்டு வாங்கி மூலக்கூறுகள் சோடி சேர்கின்றன. உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் வால்களில் மைடி88 என்ற இணைப்புப் புரதம் வந்து ஒட்டுகிறது. அதன்மேல் ஐராக் கைனேஸ்கள் (கைனேஸ் என்றால் மற்ற மூலக்கூறுக்குப் பொசுபேற்று போடும் நொதியம்). அவை டிராஃப்6ஐ எழுப்ப, டிராஃப்6 டாக்1ஐ எழுப்ப, டாக்1 ஐகேகேயை எழுப்புகிறது. பெயர்களை மனப்பாடம் செய்யாவிட்டாலும் குற்றமில்லை. கடைசிக் கண்ணியைமட்டும் விடாதீர்கள்.

என்எஃப்-கப்பா பி என்ற புரதம் குழியவுருவில் கட்டிப்போட்ட நாய் மாதிரி இருக்கிறது. கயிறு ஐகப்பாபி. ஐகேகே அந்தக் கயிற்றுக்குப் பொசுபேற்று முத்திரை குத்துகிறது. முத்திரை விழுந்த கயிறு புரோட்டியசோம் என்ற அரவை ஆலைக்குள் போய்விடுகிறது. என்எஃப்-கப்பா பி கருவுக்குள் ஓடி ஜீன்களைத் திறக்கிறது. இதை 1986இல் ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் பி நிணநீர்க்கலங்களில் கண்டுபிடித்தார்கள். பெயரில் உள்ள பி அங்கிருந்து வந்தது.

திறக்கப்படும் ஜீன்களில் ஏ1 ஒன்று. காஸ்பேஸ்களுக்குக் குறுக்கே நிற்கும் புரதங்களின் ஜீன்களும் சில. மற்றக் கலங்களைக் கூப்பிடும் சைட்டோகைன்களும் உண்டு. வாளிக் கணக்கில் சொன்னால் இது பீலியைத் திறக்கிற வேலை. என்எஃப்-கப்பா பியை மருந்தால் தடுத்தால் நியூட்ரோபில்கள் இன்னும் வேகமாகச் சாகின்றன என்பது குழாய்ப் பரிசோதனைகளில் காட்டப்பட்டிருக்கிறது.

படி 5: கொழுப்புப் பாதையும் மற்றவையும்

எனக்குப் பிடித்த படி இது. பீலியைத் திறப்பது யாருக்கும் தோன்றும். ஓட்டையை அடைப்பதில்தான் நுட்பம்.

ஜிஎம்-சிஎஸ்எஃப் தன் வாங்கியில் உட்கார்ந்ததும் வாங்கியின் வாலோடு ஒட்டியிருக்கும் ஜாக்2 கைனேஸ் விழிக்கிறது. அங்கிருந்து மூன்று கிளை. ஒன்று ஸ்டாட் புரதங்கள். நேராகக் கருவுக்குப் போய் ஜீன்களைத் திறப்பவை. இரண்டு ஈஆர்கே பாதை. மூன்று பிஐ3கே.

பிஐ3கே, மென்சவ்வின் உட்பக்கத்தில் உள்ள ஒரு கொழுப்பு மூலக்கூறின் தலையில் இன்னொரு பொசுபேற்றைச் சேர்க்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் அந்தப் புதுத் தலையைக் கண்டு ஏகேடி என்ற கைனேஸ் மென்சவ்வுக்கு ஓடி வருகிறது, விழித்துக்கொள்கிறது. விழித்த ஏகேடி மூன்று இடங்களில் கை வைக்கிறது.

பேட்டுக்குப் பொசுபேற்று போட்டு, இழைமணிக்குப் போகவிடாமல் குழியவுருவிலேயே தடுத்து வைக்கிறது.

ஃபோக்ஸோ என்ற புரதத்தைக் கருவிலிருந்து வெளியே தள்ளுகிறது. ஃபோக்ஸோ உள்ளே இருந்தால் பிம் ஜீனைத் திறக்கும். வெளியே போனால் பிம் குறையும்.

மூன்றாவதுதான் வாளியின் ஓட்டை. எம்சிஎல்-1இன்மேல் ஜிஎஸ்கே-3 என்ற கைனேஸ் ஒரு முத்திரை குத்தும்; அந்த முத்திரை விழுந்த எம்சிஎல்-1 அரவை ஆலைக்குப் போகும். ஏகேடி அந்த ஜிஎஸ்கே-3ஐயே முடக்கிவிடுகிறது. முத்திரை குத்த ஆளில்லை, எம்சிஎல்-1 நின்றுவிடுகிறது. புதிதாக ஒரு துளி உண்டாக்காமலே மட்டம் ஏறுகிறது. ஈஆர்கேயும் தன் பங்குக்கு வேறோர் இடத்தில் பொசுபேற்று போட்டு எம்சிஎல்-1ஐ நிலைக்க வைக்கிறது. பிம்முக்குப் போட்டு அதை ஆலைக்கு அனுப்புகிறது. ஒரே பொசுபேற்று, ஒருவருக்குக் காப்பு, இன்னொருவருக்குச் சாவுச் சீட்டு. எந்தப் புரதம், அதில் எந்த இடம் என்று பார்க்காமல் "பொசுபேற்று சேர்ந்தால் புரதம் விழிக்கும்" என்று எழுதும் விடைத்தாள்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

இப்போது தாளைப் பாருங்கள். டோல் பாதையும் ஜிஎம்-சிஎஸ்எஃப் பாதையும் விளிம்பில் எங்கெங்கோ தொடங்கி, கடைசியில் அதே வாளியில் வந்து சேர்ந்திருக்கும். சேரவில்லை என்றால் ஓர் அம்பு எங்கோ தவறிவிட்டது.

படி 6: உண்மையில் ஆயுள்தான் நீண்டதா என்று சோதியுங்கள்

எண்ணிக்கை கூடினால் ஆயுள் நீண்டது என்று சொல்லிவிட முடியாது. உடம்பில் புதிது புதிதாக வந்துகொண்டே இருக்கும். அதனால்தான் குழாய்க்கு வருகிறோம். குழாயில் என்பு மச்சை இல்லை, முதிர்ந்த நியூட்ரோபில் பிரிந்து பெருகுவதும் இல்லை. 24 மணித்தியாலத்தில் ஒரு குழாயில் மற்றதைவிட அதிகம் உயிரோடு இருந்தால் ஒரே காரணம்தான்: குறைவாகச் செத்திருக்கின்றன. 1992இல் இப்படித்தான் ஜிஎம்-சிஎஸ்எஃப் போன்ற சைட்டோகைன்களும் லிப்பொபொலிசக்கரைட்டும் நியூட்ரோபிலின் ஆயுளை நீட்டுவதைக் காட்டினார்கள்.

ஆய்வுகூடத்தில் செய்யும் வாய்ப்புக் கிடைத்தால் நாலு குழாய் வையுங்கள். முதலாவதில் கலங்கள் மட்டும். இரண்டாவதில் ஜிஎம்-சிஎஸ்எஃப். மூன்றாவதில் ஜிஎம்-சிஎஸ்எஃபும் பிஐ3கே தடுப்பானும். நாலாவதில் தடுப்பான் மட்டும். எல்லாம் 37 பாகை, 5 சதவீத காபனீரொட்சைட்டு. தொடக்கத்திலும், ஆறாம் மணியிலும், மறுநாளும் எடுத்துப் பாருங்கள்.

நாலாவது குழாயை மறப்பவர்கள் அதிகம். மூன்றாவது குழாயில் கலங்கள் செத்திருந்தால் "பார்த்தீர்களா, பிஐ3கே இல்லாமல் ஜிஎம்-சிஎஸ்எஃப் வேலை செய்யவில்லை" என்று துள்ளுவார்கள். தடுப்பான் தன் சொந்த நஞ்சாலேயே கலங்களைக் கொன்றிருக்கலாம் அல்லவா? நாலாவது குழாய் முதலாவதைப் போலவே இருந்தால்தான் துள்ளலாம். தடுப்பானைக் கரைத்த திரவத்தையும் எல்லாக் குழாய்க்கும் ஒரே அளவு விடுங்கள்.

செத்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? நான் மேலே சொன்ன மிளகுக் கரு ஓர் அடையாளம். இன்னொன்று, வழக்கமாக மென்சவ்வின் உட்பக்கம் பார்த்திருக்கும் பொஸ்ஃபடிடைல்செரின் என்ற கொழுப்பு, சாகும் கலத்தில் வெளிப்பக்கம் திரும்பிவிடும். அனெக்சின் வி என்ற புரதம் அதைப் பிடித்துக்கொள்ளும். அதில் ஒளிரும் சாயம் கட்டி ஃப்ளோ சைட்டோமீட்டரில் எண்ணுவார்கள். அந்த இயந்திரம் கைக்கு எட்டாவிட்டால் கண்ணாடித் தகடும் லீஷ்மனும் பொறுமையும் போதும். இருநூறு கலம் எண்ணினால் கழுத்து வலிக்கும், வேறொன்றும் ஆகாது.

ஒரு பொறி. நியூட்ரோபில் பிரித்தெடுக்கும்போது ஒன்றிரண்டு சதவீதம் மொனோசைட் என்ற வேறு வெண்குருதிக் கலம் கலந்துவிடும். லிப்பொபொலிசக்கரைட்டைப் போட்டால் அந்த மொனோசைட்டுகள் சைட்டோகைன்களைக் கக்கும். நியூட்ரோபில்கள் அதைக் குடித்து வாழும். நீங்கள் டோல் வாங்கியின் பெருமை என்று எழுதுவீர்கள். 2002இல் மொனோசைட்டை மிகச் சுத்தமாக நீக்கிவிட்டுச் செய்து பார்த்தபோது, லிப்பொபொலிசக்கரைட் கொடுக்கும் ஆயுள் நீட்சியில் பெரிய பங்கு காணாமல் போனது. என் கருத்தில், இந்தத் துறையில் இளைஞர்கள் முதலில் படிக்க வேண்டிய பாடம் இது: நேர் சமிக்ஞையா, பக்கத்துக் கலத்தின் உபகாரமா என்று எப்போதும் கேளுங்கள். காயத்துக்குள் இரண்டும் ஒன்றாகவே நடக்கிறது என்பது வேறு கதை.

படி 7: மாறாகப் பேசும் சமிக்ஞைகளையும் அதே தாளில் குறியுங்கள்

டிஎன்எஃப் என்ற சைட்டோகைன் இருமுகம் கொண்டது. கொடுத்த முதல் சில மணித்தியாலத்தில் ஒரு பகுதி நியூட்ரோபில்களைச் சாவுக்குத் தள்ளும். தப்பியவற்றுக்குப் பிறகு ஆயுளை நீட்டும்.

வயிறு நிறையப் பற்றீரியா தின்ற நியூட்ரோபில், வாங்கி எத்தனை "இரு" சொன்னாலும், பெரும்பாலும் சீக்கிரம் சாகிறது. தின்றதைக் கொல்ல உண்டாக்கும் ஒட்சிசன் மூலிகங்கள் அதன் சாவையும் விரைவாக்குகின்றன. பிறபொருளெதிரி பூசிய கிருமியை வால் வாங்கிகள் வழியாக விழுங்கும்போது இதுதான் நடக்கும். நல்ல ஏற்பாடு. வேலை முடித்தவர் வீட்டுக்கு, இன்னும் முடிக்காதவர் இருக்கட்டும்.

மெல்ல மூச்சுமுட்டுவதும் ஆயுளை நீட்டும். ஒட்சிசன் மிகக் குறைந்த இடத்தில் நியூட்ரோபில் அதிக நேரம் வாழ்கிறது. சீழ்க்கட்டியின் நடுப்பகுதி அப்படிப்பட்ட இடம். இதைச் சொன்ன அன்று ஒரு பையன், "அப்ப நுவரெலியாக்காரங்களுக்கு நியூட்ரோபில் கூட நாள் இருக்குமா சேர்?" என்றான். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். அங்கே காற்று கொஞ்சம் மெலிது, அவ்வளவுதான். பரிசோதனையில் சொல்லும் பஞ்சத்துக்குக் கிட்டவும் வராது. வகுப்பு சிரித்தது. கேள்வி மோசமானதில்லை.

படி 8: இதே கணக்கை மற்ற வெண்குருதிக் கலங்களில் போட்டுப் பாருங்கள்

இயோசினோஃபில். புழுவும் ஒவ்வாமையும் உள்ள இடத்தில் இதன் எண்ணிக்கை ஏறும். வெறுங்காலோடு ஈர மண்ணில் நிற்கும் பிள்ளைகளின் றிப்போர்ட்டில் நான் பார்த்திருக்கிறேன். இதற்குப் பேர் போடுபவர் இன்டர்லூக்கின்-5. அதைப் பிடித்துக்கொள்ளும் மெப்போலிசுமாப் என்ற மருந்து 2015இல் கடுமையான ஆஸ்துமாவுக்கு அனுமதி பெற்றது. கலத்தைத் தாக்காமல், அதற்கு வரும் உத்தரவை நிறுத்தியே எண்ணிக்கையைக் குறைக்கும் மருந்து.

பி நிணநீர்க்கலம் இன்னும் வியப்பு. அதன் மேற்பரப்பில் உள்ள பிறபொருளெதிரி வாங்கி, கிருமி எதுவும் வராத நேரத்திலும் மெல்ல முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறது. 1997இல் வளர்ந்த எலிகளின் பி கலங்களிலிருந்து அந்த வாங்கியை நீக்கிப் பார்த்தார்கள். கலங்கள் செத்தன. பின்னர் 2009இல், வாங்கி இல்லாத அந்தக் கலங்களில் பிஐ3கே பாதையைமட்டும் திறந்துவிட்டபோது பிழைத்தன. படி 5இல் வரைந்த அதே பிஐ3கே. இந்த முணுமுணுப்பைக் கடத்தும் புரதங்களில் பிடிகே ஒன்று. அதைத் தடுக்கும் இப்ரூட்டினிப் 2013இலிருந்து சில பி கலப் புற்றுநோய்களுக்குக் கொடுக்கப்படுகிறது. பிஏஎஃப்எஃப் என்ற இன்னொரு காப்புச் சமிக்ஞையைத் தடுக்கும் பெலிமுமாப் 2011இல், உடம்பின் காவலே உடம்பைத் தாக்கும் லூப்பஸ் நோய்க்கு வந்தது.

டி கலத்துக்கு இன்டர்லூக்கின்-7 வேண்டும். விழித்தபின் சிடி28 வாங்கி வழியாகப் பிசிஎல்-எக்ஸ்எல் என்ற காவல் கூடுகிறது. அதே படம், பெயர்கள் வேறு.

படி 9: றிப்போர்ட்டுக்குத் திரும்புங்கள்

16,400இல் 84 சதவீதம் என்றால் நியூட்ரோபில் சுமார் 13,800. இந்த எண் என்பு மச்சையின் அனுப்புகையைக் காட்டுகிறது. ஆயுள் நீட்சி பெரும்பாலும் காயத்துக்குள் நடக்கிறது. றிப்போர்ட்டில் அதைப் பார்க்க முடியாது. இதை மாணவியிடமும் சொன்னேன்.

கிருமி குருதியில் பரவும் கடும் நிலையில், குருதியில் சுற்றும் நியூட்ரோபில்களே சாவை ஒத்திப்போடுவது நோயாளிகளில் காணப்பட்டிருக்கிறது. அப்போது அவை சொந்த நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கத் தொடங்கும். சலுகை ஆபத்தானது என்று படி 1இல் சொன்னது இதைத்தான்.

பிரெட்னிசோலோன் குளிசை எடுப்பவரின் றிப்போர்ட்டைப் பார்த்துக் கிருமி என்று பயப்பட வேண்டாம். அந்த மருந்து நியூட்ரோபில்களைக் குழாய்ச் சுவரிலிருந்து உதிர்த்தும், மச்சையிலிருந்து இறக்கியும் எண்ணிக்கையைக் கூட்டும். குழாய்ப் பரிசோதனையில் நியூட்ரோபிலின் ஆயுளையும் நீட்டும். அதே மருந்து இயோசினோஃபிலைக் கொல்லும். ஒரே குளிசை, இரண்டு கலத்துக்கு எதிரெதிர்த் தீர்ப்பு. டெங்கு நாட்களில் இது எதிர்ப்பக்கம்: வெண்குருதிக் கலங்கள் இறங்கும். எந்த எண்ணையும் தனியே வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல் டொக்டரிடம் காட்டுங்கள். காயத்தைச் சுற்றிச் சிவப்பு ஏறினாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே.

படி 10: உத்தரவு எப்போது நிற்கிறது

கிருமி குறைந்ததும் டோல் வாங்கிக்குத் தொட ஆளில்லை. ஜிஎம்-சிஎஸ்எஃப் வரத்தும் குறைகிறது. ஏகேடி அடங்க, ஜிஎஸ்கே-3 மறுபடி முத்திரை குத்தத் தொடங்குகிறது. வாளி வடிகிறது. கரு மிளகாகச் சுருள்கிறது, பொஸ்ஃபடிடைல்செரின் வெளியே திரும்புகிறது. அதைக் கண்டு மக்ரோபேஜ் வந்து கலத்தை முழுசாக விழுங்குகிறது; 1989இல் ஜோன் சவில் குழு குழாயில் காட்டியது இந்த விழுங்கலைத்தான். சீழின் நஞ்சு கொட்டுவதில்லை. அதைவிட முக்கியம், உதிர்ந்த நியூட்ரோபிலைத் தின்ற மக்ரோபேஜ், டிஜிஎஃப்-பீட்டா போன்ற அடக்கும் சைட்டோகைன்களை வெளியிடுகிறது. செத்த கலமும் கடைசியாக ஒரு சமிக்ஞை கொடுத்துவிட்டுத்தான் போகிறது.

இந்த இடத்தில் அந்தப் பிள்ளை தன் தாளில் ஒரு தவறு பிடித்தாள். என்னுடைய தவறு. கரும்பலகையில் நான் வரைந்த வட்டத்துக்கு வெளியே மக்ரோபேஜ் இல்லவே இல்லை. அம்புகள் எல்லாம் உள்ளே போய்க்கொண்டிருந்தன. வெளியே வருவது ஒன்றுகூட இல்லை. அவள் பென்சிலால் பொஸ்ஃபடிடைல்செரினிலிருந்து வெளியே ஓர் அம்பு போட்டு, பக்கத்தில் ஒரு பெரிய வாய் வரைந்தாள். உங்கள் தாளிலும் போடுங்கள்.

அம்மாவின் கால் அடுத்த கிழமை வற்றிவிட்டது. புதுச் சப்பாத்து ஒன்று வாங்கியிருக்கிறார்கள், மலைக்குப் போட்டுக்கொண்டு போகத்தான். வழுக்குகிறது என்று அதைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்கிறாராம்.